சோப்புத் தண்ணீர் சோதனை

“உங்களுக்கும் மனசு கொஞ்சம் பாரமா இருக்கற நேரமுங்க. அதனால அடுத்த மாச ஆடிட்டுக்கு நிர்மலே கையெழுத்துப் போடட்டும்” என்று ஷோபனா மேடம் சொன்னபோது, கையெழுத்து பறிபோனது தாட்சாயிணிக்கு உடனே உறைக்கவில்லை. ‘மனசு’ என்ற சொல்தான் உறைத்தது.

மனசு பாரமாக இருப்பது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

மேடம் அந்தக் கம்பெனியின் மனிதவள மேலாளர். கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தவே தெரியாதவர். மேசைமேல் கிடந்த தாளைப் புரட்டியபடியே, “இது தண்டனை இல்லைங்க. ரெஸ்ட்டுன்னு வச்சுக்கங்க” என்றார். தாட்சாயிணி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது ஒவ்வொரு பேராக எண்ணினாள். தான் கவுன்சலிங் போவதை அவள் புருஷன் பாபுவிடம்கூடச் சொன்னதில்லை. தெரிந்தவள் ஒருத்திதான். கவுன்சலர் ஆக்னஸ்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஷர் கேஜ் செய்யும் கம்பெனி அது. பாய்லரிலும் ஆக்ஸிஜன் சிலிண்டரிலும் வட்டமாக, முள் வைத்து, கடிகாரம் மாதிரி இருக்குமே, அதுதான் கேஜ். செய்து முடித்த கேஜ் சரியான அழுத்தத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது கேலிபரேஷன் அறையின் வேலை. முறை எளிமையானது, ஆனால் அழகானது. எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய். அதன் ஒரு முனையில் கேஜை மாட்டுவார்கள், மறுமுனையில் நிற்கும் தண்டின்மேல் எடைக்கற்களை அடுக்குவார்கள். எடை இவ்வளவு என்றால் அழுத்தம் இவ்வளவு என்பது முன்பே தெரியும். முள் அந்த இடத்தில் நின்றால் கேஜ் உண்மை பேசுகிறது. தள்ளி நின்றால் பொய். ஒன்று உண்மை பேசுகிறதா என்று அறிய, விடை தெரிந்த கேள்வியை அதனிடம் கேட்க வேண்டும். தாட்சாயிணி பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறாள்.

அந்த அறையில் மூன்று பேர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் அப்துல் ரசாக் பாய், இருபத்தெட்டு வயது நிர்மல், தாட்சாயிணி. சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்கு மட்டும்தான். பதினொரு வருஷம் எடை தூக்கி, இரண்டு பரீட்சை எழுதி வாங்கியது. நிர்மல் இப்போதுதான் பரீட்சை மட்டும் எழுதி வைத்திருக்கிறான். எங்கோ ஒரு ஊரில் பாய்லர் பக்கத்தில் நின்று ஒருவன் பயமில்லாமல் சாப்பிடுகிறான் என்றால், அது தன் கையெழுத்தை நம்பித்தான் என்று அவள் மனசுக்குள் ஒரு எண்ணம் உண்டு. ஆடிட்டில் வேறொருவன் கையெழுத்துப் போட்டால் பதிவேட்டில் அவன் பெயர் ஏறும். ஏறின பெயரை இறக்க மாட்டார்கள்.

ஆறு மாதமாக அவளுக்கு ஒரு தொல்லை. வால்வை மூடுவாள். மூடியாயிற்று என்று கண் சொல்லும், மனசு ஒத்துக்கொள்ளாது. திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். வாசல் தாண்டி, ரயில் நிலையம்வரை போய், மறுபடி வந்து பார்த்த நாளும் உண்டு. ஆவடி குவார்ட்டர்ஸில் கேஸ் சிலிண்டரும் அதே கதை. கேன்டீனை ஒட்டிய சின்ன அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கவுன்சலர் உட்காருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

ஆக்னஸ் கரையான்சாவடியிலிருந்து வருகிறவள். ஒரு ஏஜென்சி அவளை நான்கு கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. “ஒருமுறை பாருங்க, ‘மூடியாச்சு’ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, நகருங்க. பயம் ஏறும். ஏறட்டும். ஒரு அளவுக்கு மேல அது ஏறாது. நீங்க திரும்பிப் போய்ப் பாக்கலன்னா தானா இறங்கும்” என்றாள். அழுத்தம் ஏறி இறங்குவதைப் போலச் சொன்னது தாட்சாயிணிக்குப் பிடித்துவிட்டது. மூன்று செவ்வாய் போனாள். நான்கு தடவை பார்த்த வால்வை இரண்டு தடவையாகக் குறைத்திருந்தாள்.

அந்த அறைச் சுவரில் கம்பெனியின் அறிவிப்பு ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ‘இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஆலோசனை பெறுவதை வைத்து எவருடைய வேலையிலும் எந்த மாற்றமும் செய்யப்படாது.’ கீழே ஷோபனா மேடத்தின் கையெழுத்து.

அப்படியானால் சொன்னது யார்?

ஆக்னஸாக இருக்கலாம். மேடமும் அவளும் ஒருநாள் வாசலில் நின்று சிரித்துப் பேசியதை இவள் பார்த்திருக்கிறாள். நிர்மலாகவும் இருக்கலாம். அவள் அந்த அறைக்குள் நுழைவதை அவன் பார்த்திருந்தால்? கையெழுத்து அவனுக்குத்தானே போகிறது. அவனோ அன்று மத்தியானமே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வந்தான்.

“இன்னாக்கா இது, மேடம் என்னியப் போயி கையெழுத்துப் போடுன்றாங்க? ஒன் எடத்துல என் பேரப் பாத்தா ஆடிட்டரு சிரிச்சுக்கினே ஓடிடுவாரு.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

“நா கேட்டது ஓவர்டைம் டீக்குப் பஜ்ஜி. அதயே குடுக்க மாட்டேன்றாங்க.”

ரொம்ப அப்பாவியாகப் பேசுகிறான் என்று தாட்சாயிணிக்குப் பட்டது. உடனே இன்னொரு சந்தேகமும் வந்தது. எல்லாரையும் இப்படிச் சந்தேகப்படுவதே தன் வியாதியோ? மூடின வால்வைத் திறந்திருக்கிறது என்று சொல்கிற மனசு, வாயை மூடியிருக்கிறவளையும் திறந்திருக்கிறாள் என்று சொல்லாதா? இதை யோசித்து முடிவு காண முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

காற்றுக் குழாயில் கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். எந்த இணைப்பில் குமிழ் எழுகிறதோ அங்கேதான் ஓட்டை. தாட்சாயிணி தன் விஷயம் வெளியே போகக்கூடிய இணைப்புகளை எண்ணினாள். ஆக்னஸின் வாய் ஒன்று. நிர்மலின் வாய் இன்னொன்று. மூன்றாவதாக ஒரு சீட்டு. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் ஆக்னஸ் ஒரு சின்னச் சீட்டு தருவாள். பிரிவு, ஆணா பெண்ணா, வயது, என்ன பிரச்சினை என்று கட்டங்களில் டிக் அடித்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். அதில் பெயர் கிடையாது. பெயரில்லாத சீட்டிலிருந்து என்ன கசியும்? இருந்தாலும் சோதனை என்று வந்தால் நல்லதாகத் தெரிகிற இணைப்பையும் விடக்கூடாது.

மூன்று இடத்துக்கும் மூன்று பொய். எந்தப் பொய் மேடம் வாயிலிருந்து திரும்பி வருகிறதோ அந்த வழிதான் கசிவு.

அடுத்த செவ்வாய் ஆக்னஸிடம், ஆரணியில் இருக்கும் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது என்றாள். சொல்லும்போது அழுகைகூட வந்தது. ஆக்னஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். சீட்டில் ‘குடும்பத்தில் குடிப்பழக்கம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, நாலாக மடித்துப் போட்டாள். பெட்டியை மாசக் கடைசியில்தான் திறப்பார்கள். மத்தியானம் நிர்மலை ஓரமாக அழைத்தாள்.

“டேய், இருங்காட்டுக்கோட்டைலேந்து ஒரு கம்பெனில கூப்ட்டுகினு கீறாங்க. போலாமான்னு பாக்கறேன். எவன்கிட்டயும் வாயத் தொறந்துடாத.”

“நா எதுக்குக்கா சொல்லப்போறேன்? அங்க ஏசி பஸ்ஸாமே? எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வையி, ஜன்னலோரமா.”

அதன்பின் மூன்று வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லி ஆக்னஸைப் பார்க்கப் போகவில்லை. வால்வை மறுபடி நான்கு தடவை தொட ஆரம்பித்தாள். கேன்டீனில் யாராவது மெல்லப் பேசினால் காது அங்கே போயிற்று. மேடம் இரண்டு தடவை எதிரே வந்தார். மாமியாரைப் பற்றி விசாரிக்கவில்லை, இருங்காட்டுக்கோட்டையைப் பற்றியும் கேட்கவில்லை. நிர்மல் மட்டும் தினமும் ஒரு தடவை, “இன்னாக்கா, ஏசி பஸ்ஸு வந்துச்சா?” என்று காதருகே கேட்டுவிட்டுப் போனான்.

இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில் மேடமே கேலிபரேஷன் அறைக்கு வந்தார். மற்ற இரண்டு பேரும் வெளியே போயிருந்த நேரம். கையில் மடித்த தாள் ஒன்று.

“இதை வச்சுக்கங்க. வீட்டுக்காரர் வர மாட்டேன்னு சொன்னாலும் பரவால்ல. வீட்ல இருக்கறவங்களுக்குன்னே தனியா மீட்டிங் நடத்தறாங்களாமா. நீங்க தனியாள் இல்லைங்க தாட்சாயிணி.”

அது ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தின் துண்டுப்பிரசுரம். குமிழ் எழுந்துவிட்டது. ஆனால் அது எழுந்தது, எழாது என்று அவள் நினைத்த இணைப்பில்.

அன்று மாலை குவார்ட்டர்ஸில் அவள் பையில் சாவியைத் தேடப்போன பாபுவின் கையில் அந்தத் தாள் மாட்டியது. பாபு ஆவடி படைத்துறைத் தொழிற்சாலையில் வெல்டர். கல்யாண வீட்டில்கூட மோர் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள்.

“இன்னாடி இது? ‘குடியை விடுவோம், குடும்பம் காப்போம்’? பன்னீர் சோடா குடிச்சதுக்கெல்லாமா நோட்டீஸ் வரும்?”

“கொஞ்சம் ஒக்காருயா. சொல்றேன்.”

கவுன்சலிங் போனதிலிருந்து மூன்று பொய்வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே கேட்டான்.

“காலைல கெளம்பசொல்ல கேஸப் பாக்க மூணு தபா மாடி ஏறுறியே, அது எனக்குத் தெரியாதா? முட்டிக்கு நல்லதுன்னு உட்டுட்டேன்.” சிரிக்கத்தான் சொன்னான், குரல் சிரிக்கவில்லை. “என்னாண்ட சொல்லியிருக்கலாம். சரி, போவட்டும். அந்தக் கையெழுத்து ஒன்னுது தாச்சு. எவளுக்கும் உட்டுக் குடுத்துடாத.”

“எவளுக்கும் இல்ல. நிர்மலுக்கு.”

“அவனுக்குந்தான்.”

மறுநாள் செவ்வாய். ஆடிட்டுக்கு இன்னும் இரண்டே நாள். ஆக்னஸின் அறைக்குள் போனதும் தாட்சாயிணி கதவைச் சாத்தினாள்.

“மொதல்லயே சொல்லிடறேன். மாமியார் விழுந்தாங்கன்னு அழுதேனே, அது பொய். நல்லா கீறாங்க. நேத்துகூட முருங்கக்கீரை குடுத்து அனுப்பினாங்க.”

ஆக்னஸ் கண்ணாடியைக் கழற்றினாள். “நான் அவங்களுக்காக ரெண்டு நாள் ஜெபம் பண்ணேன்.”

“அது வீணாவாது. எழுவத்தாறு வயசாவுது.” பிறகு துண்டுப்பிரசுரத்தை மேசைமேல் வைத்தாள். “பெட்டில போட்ட சீட்டுல வீட்டுக்காரர் குடிக்கறார்னு டிக் அடிச்சேன். அதுவும் பொய்தான். ஆனா அது மேடம்கிட்டப் போயி, இப்படித் திரும்பி வந்திருக்கு. உங்க வாயிலேந்து போகல. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்போ எப்படிப் போச்சு?”

“சான்ஸே இல்ல. மேடத்துக்கு நான் அனுப்பறது மாச அறிக்கை மட்டும். அதுல யார் பேரும் இருக்காது. சட்டப்படியே நான் பேர் குடுக்கக் கூடாது. நீங்களே பாருங்க.”

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். ஏஜென்சி கொடுத்த படிவம். கட்டம் கட்டமாக ஒழுங்கான பட்டியல். பிரிவு, ஆண் பெண், வயது, பிரச்சினை, எண்ணிக்கை. மூன்றாவது வரி: கேலிபரேஷன், பெண், 41 முதல் 50, குடும்பத்தில் குடிப்பழக்கம், 1.

தாட்சாயிணி அந்த வரியின்மேல் விரல் வைத்தாள். “போன மாசம் இந்த எடத்துல இன்னா இருந்துச்சு?”

“மனப்பதற்றம்... மூணு சந்திப்பு.” சொல்லும்போதே ஆக்னஸின் குரல் இறங்கிவிட்டது.

“கேலிபரேஷன்ல மொத்தம் எத்தன பேருன்னு தெரியுமா?”

“தெரியாது. நான் இந்த ரூமத் தாண்டி உள்ள போனதே இல்ல.”

“மூணு பேரு. அதுல பொம்பள எத்தன பேரு இருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?”

ஆக்னஸ் அந்த மூன்றாவது வரியை மறுபடி பார்த்தாள்.

விஷயம் இவ்வளவுதான். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று படிவம் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆளை மறைப்பது கூட்டம், பெயரில்லாமை இல்லை. ஐந்நூறு பேரில் நாற்பது பெண்கள் என்றால் நாற்பது பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம். கூட்டத்தைப் பிரிவாக வெட்டி, அதை ஆண் பெண்ணாக வெட்டி, அதையும் வயதாக வெட்டினால், கடைசித் துண்டில் ஒரே ஒருத்தி நிற்பாள். அவள் நெற்றியில் பெயர் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. கம்பெனிக்குள் தினமும் நடக்கிற மேடத்துக்கு அது ஒரே பார்வையில் தெரியும். வெளியிலிருந்து வருகிற ஆக்னஸுக்குத் தெரியாது. அவள் நேர்மையாக இருந்ததாலேயே, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் இருந்ததாலேயே, அவள் கண்ணுக்குப் படவில்லை.

ஆக்னஸ் மற்ற வரிகளைப் பதற்றத்தோடு படிக்க ஆரம்பித்தாள். “அப்போ இதெல்லாம்? பெயின்ட் ஷாப், பெண், இருபத்தொண்ணுலேந்து முப்பது, ஒண்ணு... பேக்கிங், ஆண், அம்பத்தொண்ணு...”

“நிறுத்துங்க! படிக்காதீங்க!” தாட்சாயிணி கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்கு ஆள் தெரிஞ்சுடுச்சு.”

பெயின்ட் ஷாப்பில் அந்த வயதில் ஒரே பெண்தான். தினமும் ரயிலில் எதிரே உட்கார்ந்து வருகிறவள். தெரிந்துகொண்டதை இனித் தெரியாததாக ஆக்க வழி இல்லை. இத்தனை நாள் கசிவைத் தேடியவளுக்குள்ளேயே இப்போது கசிந்து வந்துவிட்டது.

ஆக்னஸ் கணினியை மூடினாள். “நாலு கம்பெனிக்கு இப்படித்தான் அனுப்பறேன்” என்றாள், தனக்கே சொல்வதுபோல. பிறகு நிமிர்ந்தாள். “இனி மொத்தம் எத்தனை பேர்னு மட்டும்தான் குடுப்பேன். பத்துப் பேருக்குக் குறைஞ்ச எதையும் தனியாக் காட்ட மாட்டேன். ஏஜென்சி ஒத்துக்கலன்னா நான் வர மாட்டேன். ஆனா போன அறிக்கையத் திருப்பி வாங்க முடியாது. மேடம்கிட்ட நான் வந்து பேசட்டுமா?”

“ஐயோ, வேணாம். நீங்க வந்து எனக்காகப் பேசினா, அந்த வரி நாந்தான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.”

தனியாகவே போனாள். மேடத்தின் மேசைமேல் மாச அறிக்கைத் தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆடிட்டுக்கான பட்டியல். கையெழுத்திடுபவர் என்ற இடத்தில் நிர்மல் பெயர்.

“மேடம், கையெழுத்த எங்கிட்டேந்து எடுத்திருக்கீங்க. எதுக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. எங்க வேலைல காரணம் எழுதாம எதையும் மாத்தக் கூடாது.”

“அதுக்கென்னங்க” என்று மேடம் பேனாவை எடுத்தார். தேதி போட்டார். ‘மனநலம் கருதி’ என்று எழுதினார். பேனா நின்றது. அடுத்து, அது எப்படித் தெரியவந்தது என்று எழுத வேண்டும். கவுன்சலிங் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அறிவிப்பின் கீழே இருப்பது அவருடைய கையெழுத்தேதான். தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

“நான் உங்களுக்கு நல்லதுதானுங்க நினைச்சேன். வீட்ல ஒருத்தர் குடிச்சா அந்த வீடு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியும். என் தம்பியை வச்சுப் பார்த்திருக்கேன்.” அவர் கண்ணில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நம்பலாமா என்று தாட்சாயிணி ஒரு கணம் யோசித்தாள். நம்பினாலும் கையெழுத்து திரும்பி வராது.

“எங்க வீட்டுக்காரர் மோரத் தவிர வேற எதையும் தொட மாட்டாருங்க. ஆவடில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்த வரி உங்களுது இல்லையா?”

“எந்த வரிங்க மேடம்?”

மேடத்தின் கை தன்னையறியாமல் கவிழ்த்து வைத்த தாளின்மேல் போய் உட்கார்ந்தது.

“எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் தாட்சாயிணி. “எங்க வேலைல ஒரு வழக்கம் உண்டு, அத மட்டும் சொல்றேன். ஒரு கேஜ் ஒரு எடத்துல தப்புக் காட்டுதுன்னு கண்டுபிடிச்சா, அந்த ஒரு ரீடிங்க மட்டும் அடிச்சிட்டு மத்தத வச்சுக்க மாட்டோம். கடைசியா அது சரியா இருந்துச்சுன்னு தெரிஞ்ச நாள்லேந்து எடுத்த அத்தனையும் சந்தேகம்தான். எது நெசம், எது பொய்னு யாராலயும் சொல்ல முடியாது. அத நம்பி ஒரு போல்ட்டக்கூட முடுக்க மாட்டோம்.”

மேடம் தாளைத் திருப்பினார். பெயின்ட் ஷாப், பேக்கிங், ஸ்டோர்ஸ் என்று ஒவ்வொரு வரியாக அவர் கண் இறங்கியது. முன்பு அந்த வரிகளில் முகங்கள் தெரிந்திருக்கும். இப்போது எந்த முகம் உண்மை என்று அவருக்கே தெரியாது. அவர் நெற்றி சுருங்குவதை தாட்சாயிணி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெயின்ட் ஷாப் பெண்ணுக்காகவும் சேர்த்து நின்றாள்.

“இதையெல்லாம் கேட்டா, எதுக்கு இந்தக் கவுன்சலிங் செலவுன்னு மேல இருக்கறவங்க கேப்பாங்க, தெரியுமுங்களா?”

“அது மேல இருக்கறவங்களும் நீங்களும் பேசிக்கங்க. எனக்கு நாளன்னைக்கு ஆடிட்டு.”

மேடம் அறிக்கையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஆடிட் பட்டியலை இழுத்து, நிர்மல் என்ற பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதன்மேல் தாட்சாயிணியின் பெயரை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் கிறுக்கினார்.

“போதுங்களா?”

“முழுக் கையெழுத்தாப் போட்டுடுங்க மேடம். கீழ தேதியும்.”